பாஸ்போட் படத்தில் வெள்ளையாக்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பு கல்லடியில் இருபது வருசமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எல்லாம் எடுத்திருக்கிறேன், ஆனாலும் எங்கள் படிக்கட்டில் அதிகம் ஏறுகிறவர்கள் பாஸ்போட், விசா படத்துக்கு வருகிறவர்கள்தான். கட்டாருக்குப் போகிற தம்பி, லண்டனில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மம்மா, கனடாவுக்குக் கலியாணமாகிப் போகிற தங்கச்சி. கதிரையில் உட்கார்ந்ததும் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "மகன், கொஞ்சம் வெள்ளையா எடுத்துத் தாங்க."

இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பாஸ்போட் படத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவாக ஒரு விதி இருக்கிறது. அதை எழுதுவது மொன்றியலில் இருக்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஐகாவோ என்பார்கள். அவர்களுடைய 9303 என்ற ஆவணம் 1980இல் முதலில் வந்தது. 2003இல் இன்னொரு முடிவு எடுத்தார்கள்: பாஸ்போட்டில் ஆளை அடையாளம் காட்டுகிற முதல் உடல் அடையாளமாக முகத்தையே வைப்போம் என்று. அப்போதிருந்து இந்தச் சின்னப் படத்தின் வேலையே மாறிப் போனது. ஒரு அதிகாரி பார்த்துத் தலையாட்டுகிற படமாக மட்டும் இல்லாமல், ஒரு இயந்திரம் உங்கள் முகத்தை எண்களாக மாற்றி, விமான நிலையக் கமராவுக்கு முன்னால் நிற்கிற உங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிற படமாக அது ஆகிவிட்டது. சிரிக்க வேண்டாம், வாயை மூடுங்கள், நேரே பாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். சிரித்தால் கன்னமும் கண்ணும் இடம் மாறும், அளவும் மாறிப் போகும்.

சரி, வெள்ளையாக்கினால் என்ன ஆகும்? ஒரு தங்கச்சி ஆரையம்பதியிலிருந்து வந்தா. வேறொரு இடத்தில் எடுத்த படத்தோடு விசாவுக்குப் போட்டு, படம் சரியில்லை என்று திரும்பி வந்திருக்கிறது. படத்தை வாங்கிப் பார்த்தேன். நல்ல மாநிறப் பிள்ளை, படத்திலே பாலில் தோய்த்த மாதிரி இருந்தா. தோலை மெழுகியதில் மூக்கின் பக்கவாட்டு நிழல் போய், தாடையின் கோடு போய், பின்னணியை வெட்டி ஒட்டியதில் ஒரு காதின் நுனியும் போயிருந்தது. கன்னத்து மச்சத்தைக் காணவே இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஐகாவோ விதி தோலின் இயற்கையான நிறம் தெரிய வேண்டும் என்கிறது, அமெரிக்க விசா விதியோ கணினியில் முகத்தை மாற்றிய படம் வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது. நமது நிறத்தை மறைக்கச் சொல்லி எந்த நாடும் கேட்கவில்லை, நாம்தான் மறைத்துக் கொடுக்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கறுத்த முகம் படத்தில் இருண்டு விழுவது பெரும்பாலும் எடுக்கிறவரின் பிழை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆளை நிறுத்தி கமராவைத் தானாக அளக்க விட்டால், அது சுவரின் பிரகாசத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கருகிப் போகும். பிறகு அதைக் கணினியில் வெளிறப் பண்ணுவார்கள். செய்ய வேண்டியது வேறு: ஆளைச் சுவரிலிருந்து ஒரு மீற்றராவது முன்னால் இருத்தி, இரண்டு பக்கமும் முக உயரத்தில் சமமான விளக்கு வைத்து, வெளிச்சத்தை முகத்தில் அளந்து எடுத்தால் கறுப்பு நிறம் அப்படியே பளிச்சென்று விழும். ஒன்றும் திருத்தத் தேவையில்லை.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். நமது இலங்கைப் பாஸ்போட், ஐரோப்பிய செங்கன் விசா எல்லாவற்றுக்கும் 35க்கு 45 மில்லிமீற்றர். முகம் படத்தின் உயரத்தில் 70 முதல் 80 வீதம் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போடவே கூடாது. கனடாவில் நிரந்தர வதிவிட அட்டைக்கு 50க்கு 70 மில்லிமீற்றர், விசாவுக்கு 35க்கு 45. அதனால் ஸ்ரூடியோவுக்கு வந்ததும் எந்த நாடு, எதற்கு என்று முதலில் சொல்லுங்கள். பழைய படத்தை வெட்டிப் பொருத்தப் பார்க்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர் சகோதரிகள் பர்தாவைக் கழற்ற வேண்டுமோ என்று தயங்குவார்கள். மார்க்கத்துக்காக அணிகிற தலைத்துணியை விதி அனுமதிக்கிறது. நாடியிலிருந்து நெற்றி வரையும் முகத்தின் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது, அவ்வளவுதான். நரைத்த தலையோடு வெள்ளைச் சட்டையில் வருகிற ஐயாமாருக்கு நான் கருநீலச் சட்டை ஒன்று கடையில் வைத்திருக்கிறேன், இல்லையென்றால் ஆளும் சுவரும் ஒன்றாகிவிடும். கைக்குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்க வைத்து மேலிருந்து எடுக்கலாம், அம்மாவின் கை படத்தில் வரக் கூடாது.

போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையை நீட்டி நீங்களே எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னுக்குப் போகும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று வேறொருவர் பின்பக்கக் கமராவால் எடுக்கட்டும். சில போன்கள் சொல்லாமலே முகத்தை மெழுகிவிடும், அந்த அழகூட்டலை நிறுத்திவிட்டு எடுங்கள். ஆனால் நமது பாஸ்போட்டுக்குப் போன் படம் சரிவராது. 2015 முதல் பதிவு பெற்ற ஸ்ரூடியோக்கள்தான் படத்தைக் கணினி வழியாக நேரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்புகின்றன. ஜேர்மனியும் இப்போது, 2025 மே மாதத்திலிருந்து, அச்சடித்த படத்தை விட்டு இந்த வழிக்கு வந்திருக்கிறது. இரண்டு பேரின் முகத்தைக் கலந்து ஒரே படமாக்கி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால்தான் அங்கே இந்தக் கட்டுப்பாடு.

அடுத்த முறை படம் எடுக்கப் போனால், அனுப்புவதற்கு முன் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு காதின் ஓரமும் முழுதாக இருக்கிறதா, மச்சம் இருந்த இடத்தில் மச்சம் இருக்கிறதா, கழுத்தின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் காசு கொடுக்க முன்னம் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.