கொஞ்சம் கலர் ஏத்துங்க

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ப்ளஸ் டூ பிள்ளைகள், பின்னால் பெற்றோர், நடுவில் கொஞ்சம் காலி நாற்காலி. நான் டாக்டரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை, கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். சினிமாவும் விளம்பரமும் பிள்ளைகள் மனதில் என்ன செய்கின்றன என்று பேச என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று யோசித்தேன். அப்புறம் புரிந்தது, இந்த ஊரில் பாதிப் பேர் முகத்தை வெளுத்துக் கொடுத்தவன் நான்தானே.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு முகம் கம்ப்யூட்டருக்கு வந்ததும் முதலில் பருத் தழும்பை எடுப்போம். அடுத்து தோலை மழமழவென்று ஆக்குவது. அதற்கு ரெடிமேடாகவே வசதி இருக்கிறது, ஒரே க்ளிக்கில் தோலின் துளை, பூனைமுடி, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் காணாமல் போகும். பிறகு நிறத்தை ஏற்றுவோம். முகம் ஏறும், கழுத்தும் கையும் பழையபடியே நிற்கும், அவற்றைத் தனியாகப் பிரித்து ஏற்ற வேண்டும், அவசரத்தில் அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனர்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசியாக 'லிக்விஃபை' என்று ஒன்று, பிரஷ்ஷால் தள்ளினால் கன்னமும் இடுப்பும் உள்ளே போகும். கவனமில்லாமல் தள்ளினால் பின்னால் இருக்கிற மண்டபத் தூணும் சேர்ந்து வளையும். இனிமேல் ஒல்லி இடுப்பைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கிற தூணையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதைக் கேட்டு வாங்குவது யார் தெரியுமா? பெரும்பாலும் பொண்ணு இல்லை. "கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி" என்று அம்மா சொல்வார், அத்தை சொல்வார், பொண்ணு பக்கத்தில் நின்று ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் விளம்பரக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. அதற்கு முன்பே பெண் பார்க்கப் போகும் வீடுகளில் நிறம் பேசப்பட்டதுதான். 1998இல் சென்னை கம்பெனியான கெவின்கேர் ஃபேரெவர் என்ற சிவப்பழகு க்ரீமைக் கொண்டுவந்தபோது குங்குமப்பூவையும் பாலையும் முன்னால் வைத்தார்கள். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அதையே ட்யூபில் அடைத்து நமக்கே விற்றார்கள்! நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்கு ஒரு விலை போட்டதுதான் அவர்கள் சாமர்த்தியம்.

விலை போட்டதோடு நிற்கவும் இல்லை. மகன் இல்லையே என்று அப்பா புலம்ப, மகள் க்ரீம் பூசி விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதாக ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் ஒன்று ஓடியது. கறுப்பு, வேலையில்லாமை, ஆண்பிள்ளை ஏக்கம் மூன்றையும் ஒரே நிமிஷத்துக்குள் முடிச்சுப் போட்டார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் சண்டை போட்டதில் 2003இல் அது நிறுத்தப்பட்டது. 2005இல் ஆண்களுக்கென்று தனி க்ரீம் வந்தது. 2009இல் சென்னையிலிருந்தே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு இயக்கம் கிளம்பியது, 2014இல் கறுப்பு நிறத்தை மட்டமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் விதி போட்டது, 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறியது சரி, கடையில் அதை எதற்காக வாங்குகிறார்கள் என்பது மாறியதா?

"அப்படியானால் வீடு சரியாக இருந்தால் போதுமே, டிவி என்ன செய்துவிடும்" என்று பின்வரிசையில் யாராவது நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், ஃபிஜித் தீவில் நடந்ததைப் படிக்காவிட்டால். அங்கே பூர்வகுடி ஃபிஜி மக்களுக்கு நல்ல பருமனான உடம்புதான் அழகு. ஒருவர் இளைத்துவிட்டால் அவர் வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஊர் பேசும். விருந்தாளியை "சாப்பிடு, நன்றாகச் சதை போடு" என்று உபசரிக்கிற ஊர். நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. வந்த சில வாரங்களில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் கணக்கெடுத்தார், மூன்று வருஷம் கழித்து 1998இல் அதே வயதுப் பெண்களிடம் மறுபடியும் எடுத்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவர்கூட இல்லை, இரண்டாம் முறை 11.3 சதவீதம். அந்த இரண்டாம் முறை, சில நேரமாவது தங்களைக் குண்டு என்று நினைத்ததாகச் சொன்னவர்கள் 74 சதவீதம். சின்னக் கணக்கெடுப்புதான், ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் பேர்தான். ஆனாலும் பாட்டியும் அம்மாவும் ஊரும் சேர்ந்து ஒன்றைச் சொல்ல, அமெரிக்க சீரியல்கள் வேறொன்றைச் சொல்ல, மூன்றே வருஷத்தில் யார் பேச்சு எடுபட்டது பாருங்கள். நம் ஊரில் வீடும் டிவியும் ஒரே பேச்சைப் பேசுகின்றன, அப்போது பிள்ளை எங்கேதான் போகும்?

இப்போது டிவியையும் தாண்டிவிட்டோம். முன்பு மும்பை மாடல் ஒருத்தி, உதட்டசைவும் பேச்சும் ஒட்டாத தமிழில், தன் முகத்தைக் காட்டுவாள். அது வேறு யாரோ என்று தெரியும். இப்போது செல்ஃபி எடுக்கும்போதே போன் முகத்தைத் தேய்த்து வெளுத்துத் தருகிறது, நிறைய போன்களில் பியூட்டி மோட் கேட்காமலே ஆன் ஆகி இருக்கிறது. அதனால் பிள்ளைகள் நடிகையோடு தங்களை ஒப்பிடுவதில்லை, காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகத்தை நேற்று போனில் பார்த்த தங்கள் முகத்தோடேயே ஒப்பிடுகிறார்கள். 2021இல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது, உடம்பைப் பற்றி ஏற்கெனவே சங்கடப்படுகிற டீன் ஏஜ் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று அந்தக் கம்பெனியின் சொந்த ஆய்வே சொல்லியிருந்தது தெரியவந்தது. நார்வேயில் 2022 முதல், விளம்பரப் படத்தில் உடம்பைத் திருத்தினால் அதைப் படத்திலேயே எழுத வேண்டும் என்று சட்டம். நல்லதுதான், ஆனால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை; நாள் முழுக்கத் திருத்துகிற எனக்கே அடுத்தவன் திருத்திய படத்தைப் பார்த்தால் இப்படி இருந்தால் என்ன என்று தோன்றுகிறது.

பெற்றோருக்கு ஒன்று. மருந்துக்கடையில் "ஒரு வாரத்தில் கலர் வரும்" என்று யாராவது சிபாரிசு செய்கிற க்ரீமை வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலியும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே சீட்டு கேட்காமல் கொடுக்கிற கடையென்றால் யோசியுங்கள்.

இவ்வளவு நேரம் பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசிவிட்டேன். ஆனால் என் கடைக்கு வருகிற பையன்கள் சும்மா இல்லை; தாடியை அடர்த்தியாக்கு, தொப்பையைத் தள்ளு, கையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கு என்று வாட்ஸ்அப்பில் தனியாக மெசேஜ் போடுவார்கள், கூட இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. ஜிம்மில் யாரோ தருகிற பவுடரில் என்ன இருக்கிறது என்று வீட்டிலும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. சரி, கேள்வி நேரம். மைக்கை முதலில் அந்த வலதுபக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற பையன்களிடம் கொடுங்கள்.