வெறுப்புக்கு டிக்கெட் கிழித்தவர்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். 'நாஜிக் கொடுமைக்குப் பெரிதும் காரணம் தலைவர்களின் வெறியா, சாதாரண மனிதர்களின் ஒத்துழைப்பா?' ஒத்துழைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஹிட்லரின் மேடைப் பேச்சை நடித்தே காட்டினார். நல்ல கைதட்டல். சரி, அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தினார், ஒப்புக்கொள்கிறேன். கத்தினால் ரயில் ஓடுமா ஐயா?

யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிப் போனது ஜெர்மன் அரசு ரயில்வே. சும்மா ஏற்றவில்லை. ஆளுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக், அதாவது ஜெர்மன் காசு. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரை டிக்கெட். 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேர் சேர்ந்தால் குழுச் சலுகை வேறு! ஏற்றியதோ பெரும்பாலும் சரக்குப் பெட்டியில். போகிறவர்களுக்கு ஒருவழிக் கட்டணம், காவலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் போகவர. நடுவர் அவர்களே, அந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதிய குமாஸ்தாவுக்கு விஷயம் புரியாமலா இருந்திருக்கும்?

யார் யூதர் என்று எப்படித் தெரியும்? 1935 நியூரம்பெர்க் சட்டத்தின் கணக்குப்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் பேரனும் யூதர். மூக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பள்ளியில் பாடம் நடத்தியவர்கள், தாத்தா பாட்டி கிறிஸ்தவரா என்று பார்க்கக் கடைசியில் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் நம்பினார்கள். அதைப் புரட்டிச் சான்று எழுதிக் கொடுத்தவர்கள் பாதிரியார்கள். ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் வம்சாவளியைத் தேடித் தேடி எழுதியது ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவரின் குழு. அந்தக் கோப்புகள்தான் பின்னால் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு வழிகாட்டின.

அப்புறம் ஊனமுற்றோர், மனநோயாளிகள். நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், படிவத்தில் மருத்துவர் ஒரு சிவப்புக் கூட்டல் குறி போட்டால் மரணம். 1941 ஆகஸ்டுக்குள் சுமார் 70,000 பேர். வீட்டுக்குப் பொய்க் காரணத்தோடு இரங்கல் கடிதம் போகும். எப்போதோ குடல்வால் எடுத்துவிட்டவர் குடல்வால் அழற்சியில் இறந்தார் என்றுகூட எழுதினார்கள்.

"மறுத்திருந்தால் அவர்களையும் கொன்றிருப்பார்களே!" என்றார் தோழர். அதே ஆகஸ்டில் ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரக் கத்தோலிக்க ஆயர் காலன் பிரசங்க மேடையில் நின்று இந்தக் கொலைகளைக் கண்டித்தார். அவரைத் தொடவில்லை. அந்த மாதமே திட்டத்தை நிறுத்தச் சொன்னார் ஹிட்லர். பிறகு கமுக்கமாகத் தொடர்ந்தார்கள் என்பதும் உண்மை. யூதர்களுக்காக அப்படியொரு பிரசங்கம் அந்த ஆயரிடமிருந்து வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் வெறியே எல்லாம் என்றால், அது ஏன் ஒரு பிரசங்கத்துக்குப் பயந்து ஒளிய வேண்டும்?

1942 ஜூலை, போலந்தின் யூசெஃபுஃப் கிராமம். ஹாம்பர்கிலிருந்து வந்த 101-ஆவது ரிசர்வ் போலீஸ் பட்டாலியன், சுமார் 500 பேர். பலர் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். யூதப் பெண்களையும் குழந்தைகளையும் சுட வேண்டும் என்ற உத்தரவைச் சொல்லும்போது மேஜர் டிராப்பின் கண்ணில் நீர். "வயதில் மூத்தவர்களில், முடியாதென்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம்" என்றார். முன்னால் வந்தவர்கள் ஒரு டஜன் பேர். அவர்களை யாரும் சுடவில்லை. வேறு வேலை கொடுத்தார்கள். அன்று அந்தக் காட்டில் சுமார் 1,500 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. வரிசையில் அசையாமல் நின்ற மீதிப் பேரை உங்கள் தீர்ப்புக்கு விட்டு இறங்குகிறேன்.