கூரைச் சூரிய மின்சாரத்துக்கு முதல் போடுவது யார்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் நாள்களில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்காத குமரி மாவட்டத்துக்காரர் இருக்க முடியாது. பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாற்றுப் புனல் மின்நிலையங்கள் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலம் போக மீதி நாள்களில் நல்ல வெயிலும் நமக்கு உண்டு. ஆனாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்த பிறகு வரும் தொகையைக் கண்டு மலைக்கிற வீடுகள் இங்கே ஏராளம். தூய மின்சாரம் அந்த வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க, மின்சாரம் வழங்கும் நிறுவனங்கள் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சூரிய மின்சாரம் விலை உயர்ந்தது என்ற எண்ணம் பழையது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில், பெரிய சூரிய மின்நிலையங்கள் ஒரு யூனிட்டை 1 ரூபாய் 99 காசுக்குத் தர முன்வந்தன. அனல் மின்நிலையம் நிலக்கரியை அன்றாடம் வாங்கியாக வேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் அந்தச் செலவு இல்லை. ஆகவே இவற்றின் செலவில் மிகப் பெரும்பகுதி தொடக்கத்தில் போடுகிற முதலும், அந்த முதலுக்கான வட்டியும்தான். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல: கன்று நட்டு ஆறேழு ஆண்டுகள் கையிலிருந்து செலவு செய்தால்தான் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்ட முடியும். அந்த ஆறேழு ஆண்டுகளைத் தாங்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. எனவே தூய மின்சாரம் எளிய வீட்டுக்கு எட்டுமா என்ற கேள்வி, அதற்கான முதலை யார் போடுவது, என்ன வட்டிக்குப் போடுவது என்ற கேள்வியாகவே வந்து நிற்கிறது.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், வீட்டுக் கூரையில் அமைக்கும் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயுமாக, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் சூரிய மின்தகடுகளைப் பொருத்தி, மீட்டர் மாற்றி, எல்லாம் முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதுவரை முழுத் தொகையையும் குடும்பம் புரட்டியாக வேண்டும், அல்லது வங்கிக் கடனுக்கு அலைய வேண்டும். மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் கடமை தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு மாதத்தில் 600 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி அந்த வீட்டின் பில் 3,000 ரூபாயை ஒட்டி வரும். அங்கே 2 கிலோவாட் சூரியத் தகடுகளை அமைத்தால், மழை மாதங்களையும் எண்ணிப் பார்த்து, இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் கிடைக்கும் என்று குறைத்தே கணக்கு வைப்போம். பில் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். மானியம் போக மீதி 60,000 ரூபாய் என்று கொண்டு, அதை மின்வாரியமே போட்டு, 7 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுத் தவணையாக மின்கட்டணத்தோடு சேர்த்துப் பிடித்தால், ஒவ்வொரு பில்லிலும் 1,800 ரூபாய் அளவுக்கே வரும். தவணை கட்டிய பிறகும் அந்தக் குடும்பத்துக்கு மிச்சம் இருக்கிறது. தவணை தீர்ந்த பிறகு கிடைப்பது முழுதும் அவர்களுடையது. இது செய்து பார்க்காத வழியும் அல்ல. எல்இடி பல்பு பரவலாகாத காலத்தில், 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில், பல்பின் விலையை மின்கட்டணத்தோடு மாதம் 10 ரூபாயாகப் பிடிக்கும் முறை சில மாநிலங்களில் இருந்தது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், தொடக்கத்தில் 300 ரூபாய்க்கு மேல் இருந்த பல்பின் கொள்முதல் விலை ஓரிரு ஆண்டுகளில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. கூரைத் தகடுகளையும் ஒரு கோட்டத்துக்கு மொத்தமாக ஏலம் விட்டால் விலை குறையாமல் இருக்காது.

இனி இதைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு, 2024 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த யூனிட்டுகளுக்கும் சலுகை என்பதால், பில் 700 ரூபாய் அளவிலேயே நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கித் தகடு வைத்தால் அவருக்குப் பெரிய மிச்சம் எதுவும் கிடைக்காது. வைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த மின்சாரத்தை அவர் வாசலில் கொண்டுவந்து சேர்க்க ஆகும் செலவு அவர் கட்டுவதைவிட அதிகம். வித்தியாசத்தை மாநில அரசு மானியமாகத் தாங்குகிறது. அப்படியானால் அந்தக் கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் யாருடைய சுமையைக் குறைக்கிறது? மின்வாரியத்தின் சுமையையும் அரசின் சுமையையும் அல்லவா? ஆதாயம் யாருக்கோ, முதலை அவர்களே போடுவதுதான் நியாயம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே மாநில மின்வாரியம் தன் சௌரா திட்டத்தின் தொடக்கக் கட்டத்தில், தன் செலவிலேயே வீட்டுக் கூரைகளில் தகடுகளை அமைத்து, விளையும் மின்சாரத்தில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தது. பிரதமர் திட்டத்திலும், மின்பகிர்மான நிறுவனமே முன்னின்று பல வீடுகளுக்கு ஒருசேர அமைத்துத் தரும் முறைக்கு இடம் இருக்கிறது. நாம் இன்றும் மின்வாரியம் என்றே சொல்லிப் பழகிய தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் அந்த முறையைக் கையில் எடுத்தால், கூலி வேலைக்குப் போகிறவரின் ஒற்றைத் தட்டுக் கான்கிரீட் வீடும் ஒரு சிறு மின்நிலையமாகும். அவர் கையிலிருந்து ஒரு ரூபாயும் இறங்காது.

கூரையே பயன்படாத வீடுகளும் நம் மாவட்டத்தில் மிகுதி. தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் வீட்டில் ஒரே ஓலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதோடு தொடராக இணைத்த மற்றத் தகடுகளின் உற்பத்தியும் சேர்ந்து விழக்கூடும். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பலருக்குத் தனி மொட்டைமாடியே கிடையாது. இவர்களுக்காக ஊர்ப் பொதுநிலத்திலோ பள்ளிக்கூடக் கூரையிலோ ஒரே நிலையமாக அமைத்து, ஒவ்வொரு வீட்டின் பங்கையும் அவரவர் பில்லில் கழித்துக் கொடுக்கலாம். தில்லியில் 2019 முதல் இதற்கு விதிமுறை இருக்கிறது. இங்கேயும் வரவேண்டும்.

கடலோரத்தைப் பற்றிச் சொல்லும்போது, நான் கண்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில், தகடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றைப் பிடித்து நிறுத்திய சாதாரண இரும்பு நட்டும் போல்ட்டும் மட்டும் உப்புக்காற்றில் செம்மண்ணாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டிருந்தால் செலவு சிறிதளவே கூடியிருக்கும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது மின்கம்பங்களே சரிந்து விழுந்த மாவட்டம் இது. இருபத்தைந்து ஆண்டு உழைக்க வேண்டிய ஒன்று ஐந்தே ஆண்டில் பறந்துபோனால், எந்த மானியமும் அதை மலிவாக்காது. எனவே கருவிகளின் தரத்தையும், பொருத்திய பின் ஆண்டுதோறும் வந்து பார்ப்பதையும் மின்வாரியமே பொறுப்பேற்று உறுதி செய்ய வேண்டும். கரண்டு போனால் தகடும் நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, நேரத்துக்கு ஏற்ற கட்டணம். நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகிக் கிடக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டுப்பாடு. வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023-இல் விதி திருத்தியது. எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்பதைப் பதியும் ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு இது உரியது. கிணற்று மோட்டாரையும் கிரைண்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் பகலுக்கு மாற்றிக்கொள்வது நம் வீடுகளுக்குக் கடினமல்ல. ஆனால் அதே விதி மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணத்தையும் சொல்கிறது. பகலெல்லாம் முந்திரி ஆலையில் வேலை செய்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு வேறு நேரம் ஏது? சிறு நுகர்வோருக்குத் தள்ளுபடி மட்டும் தந்து, கூடுதல் கட்டணத்தை விலக்குவதே முறை. காற்று மிகுந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்கும் இதுபோல் ஒரு பருவத் தள்ளுபடி தரலாம். காற்றாலைகளின் மண்ணில் வாழ்கிறவர்கள் இதைக் கேட்பதில் தவறில்லை. முப்பந்தலில் நல்ல காற்றுள்ள இடங்களில் பலவற்றைப் பழைய, சிறிய காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றிப் புதிய பெரிய காற்றாலைகளை நிறுவ மாநில அரசு 2024-இல் கொள்கை வகுத்திருக்கிறது. அதே நிலத்தில் கூடுதலாக விளையும் மலிவான மின்சாரத்தில் வீடுகளுக்கும் பங்கு வேண்டும்.

செலவழிக்காத யூனிட்டைவிட மலிவானது எதுவும் இல்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி எனப்படும் புதுவகை மோட்டார் வைத்த விசிறிக்கு 30 வாட் அளவே போதும். மூன்று விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் மிச்சமாகும். இதையும் பில்லோடு தவணையில் கொடுக்கலாம்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, கட்டண மனு வரும்போது பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலித்த பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும். கட்டணத்தை உயர்த்தாதீர்கள் என்று எழுதுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அடுத்த மனு வரும்போது, கூரைக்கான முதலை மின்வாரியம் போட்டுப் பில்லில் பிடிக்கட்டும், கூரை இல்லாதவருக்குப் பொது நிலையத்தில் பங்கு கிடைக்கட்டும், சிறு நுகர்வோருக்கு மாலைக் கூடுதல் கட்டணம் வேண்டாம் என்ற மூன்றையும் நம் ஊர் நூலக வாசகர் வட்டங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் தனித்தனியே எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.