அட்டாச்: முளைக்கம்பில் கட்டிய சொல்

[திரையில்: ‘அட்டாச்’, ‘அட்டாக்’ இரண்டும் அருகருகே. கடைசி எழுத்து மட்டும் ஒளிர்கிறது.]

வணக்கம். அட்டாச், அட்டாக். கடைசி எழுத்துதான் வேறு. ஒன்று சேர்த்து வைப்பது, மற்றது தாக்குவது. ஏதோ தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தத் தாய் ஒரு மரக்கம்பு. மாட்டை மேய விடும்போது தரையில் முளையடித்துக் கயிற்றைக் கட்டுவோமே, அந்த மாதிரிக் கம்பு. பழைய பிரெஞ்சில் அதற்கு ‘எஸ்டாஷ்’ என்று பெயர். 5ஆம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய பிரான்ஸைப் பிடித்து ஆண்ட பிராங்க் இனத்தார் ஜெர்மானிய மொழி பேசியவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் இதுவும் ஒன்று என்பதே சொல்லாய்வாளர்களின் பொதுவான கருத்து. ஆங்கிலத்தில் கம்புக்குச் சொல்லும் ‘ஸ்டேக்’ இதற்கு நெருங்கிய உறவு.

[திரையில்: ‘எஸ்டாஷியே’ மெல்ல ‘அட்டாஷே’ ஆகிறது.]

கம்பில் கட்டுவது ‘எஸ்டாஷியே’. நாளடைவில் முன்னால் இருந்த ‘எஸ்’ கழன்று, அந்த இடத்தில் ‘அ’ ஒட்டிக்கொண்டது. எழுத்தில் இரண்டு ‘டி’ வந்தது இன்னும் வேடிக்கை. இது லத்தீன் சொல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்த எழுத்தர்கள், லத்தீன் முறைப்படி ஒரு ‘டி’யைக் கூடச் சேர்த்தார்கள். லத்தீனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, அட்டாக் எங்கிருந்து வந்தது? இத்தாலியிலிருந்து. அங்கே ‘அட்டக்காரே’ என்றால் ஒட்டுவது, கோப்பது. ‘அட்டக்காரே பட்டாலியா’ என்றால் போரில் பொருதுவது, இரண்டு படைகளும் ஒன்றோடொன்று பிணைவது. நாமும் மல்லுக்கட்டுகிறான் என்றுதானே சொல்கிறோம்? அங்கேயும் கட்டு இருக்கிறது. பிறகு ‘போர்’ என்ற பாதி உதிர்ந்து, வினை மட்டுமே தாக்குவதைக் குறிக்கத் தொடங்கியது. அது பிரெஞ்சு வழியாக 1600ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது. இத்தாலியர்களுக்கு இன்றும் இரண்டு பொருளுக்கும் அந்த ஒரே சொல்தான். இசை படிப்பவர்களுக்கு ஒரு கொசுறு: சுரங்களைத் துண்டுதுண்டாக வாசிக்கும் ‘ஸ்டக்காட்டோ’வும் இதே குடும்பம். ‘கழற்றப்பட்டது’ என்று பொருள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அட்டாச் முதலில் எதைக் குறித்தது தெரியுமா? ஒட்டுவதை அல்ல. ஆளைப் பிடிப்பதை, பொருளைப் பறிமுதல் செய்வதை.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, ஆள்பவர்களின் பிரெஞ்சே காலப்போக்கில் நீதிமன்ற மொழியும் ஆனது. வழக்கை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். ஆகவே இந்தச் சொல் வீட்டு வாசல் வழியாக வரவில்லை, கோர்ட் வாசல் வழியாக வந்தது. ஒட்டுவது, கட்டுவது என்ற பொருள் எல்லாம் 15ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தில் ஒரு வியாபாரி பொற்கொல்லரிடம், பணத்தை இப்போதே கொடு, இல்லாவிட்டால் இந்த அதிகாரியை வைத்து உன்னை அட்டாச் செய்வேன் என்று மிரட்டுகிறார். கைது செய்ய வைப்பேன் என்று அர்த்தம்.

[திரையில்: பேருந்து நிலையம். ஒரு பேருந்தின் முன்கண்ணாடி.]

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ‘அரசு பஸ் ஜப்தி’ என்ற செய்தியை எத்தனை முறை படித்திருப்போம்! விபத்து வழக்கில் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தும் பணம் கட்டாமல் இழுத்தடிப்பார்கள். பாதிக்கப்பட்டவர் மறுபடியும் கோர்ட்டுக்குப் போவார். அப்புறம் ஒரு நாள் கோர்ட் அமீனா உத்தரவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். பயணிகளை இறக்கி வேறு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். காலி பஸ் நேராகக் கோர்ட் வளாகத்தில் போய் நிற்கும். அந்த உத்தரவின் ஆங்கிலப் பெயர் அட்டாச்மென்ட்.

பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகலாம். நிலத்தை எப்படிக் கொண்டுபோவது? 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 54ஆம் விதி அதற்கு வழி சொல்கிறது. அந்த நிலத்திலோ பக்கத்திலோ தமுக்கடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும். உத்தரவின் நகலை அங்கே கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். கோர்ட் கட்டடத்திலும் ஒரு நகல் ஒட்ட வேண்டும். பறிமுதல் என்று தொடங்கிய சொல்லுக்குக் கடைசியில் பசையும் தேவைப்பட்டுவிட்டது.

அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு, எதை எல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. கடன்பட்டவர் வீட்டில் உடுத்த வேண்டிய துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள். மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையும் அதில் உண்டு. நம் பக்கம் அது தாலி. கடன் கொடுத்தவன் தொடக் கூடாத எல்லையைச் சட்டம் அடுப்படி வரை வந்து கோடு போட்டிருப்பது, என்னைக் கேட்டால், அந்தச் சட்டப் புத்தகத்தின் நல்ல பக்கங்களில் ஒன்று.

[திரையில்: மின்னஞ்சல் பெட்டி. காகிதக் கிளிப் குறி.]

மின்னஞ்சலுக்கு வருவோம். தொடக்கத்தில் மின்னஞ்சல் வெறும் ஆங்கில எழுத்துகளைச் சுமக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. படமும் ஒலியும் அதில் போக, நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் ‘மைம்’ என்ற முறையை உருவாக்கினார்கள். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் அதன்படி இணைத்து அனுப்பினார்.

கோப்பு அப்படியே போவதில்லை. ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றி எழுதப்படுகிறது. 15 எம்பி கோப்பு வழியில் 20 எம்பியைத் தாண்டிவிடும். வரம்புக்குள்தானே அனுப்பினேன், ஏன் திரும்பி வந்தது என்று குழம்பியவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். அப்படி வந்த மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். கோப்பு தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ‘கன்டென்ட் டிஸ்பொசிஷன்: அட்டாச்மென்ட்’ என்று ஒரு வரி இருக்கும். இதைக் கடிதத்தோடு சேர்த்துக் காட்டாதே, தனியாக வை என்பதற்கான குறிப்பு அது. கடிதத்துக்குள்ளேயே காட்ட வேண்டிய படமாக இருந்தால், அந்த இடத்தில் ‘இன்லைன்’ என்று எழுதியிருக்கும்.