20.9 காட்டினால் கருவி சரியா?

நேயர்களுக்கு வணக்கம். பாய்லர், பர்னர் வேலைகளுக்குக் கையில் எடுத்துப்போகும், புகை வாயுவை அளக்கும் கேஸ் அனலைசரில் ஆக்சிஜன் அளவு ஏன் தப்பாக வருகிறது என்று பார்ப்போம்.

வெளிக்காற்றில் வழக்கமாக உள்ள 20.9 சதவீத ஆக்சிஜனைக் காட்டினால் கருவி நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் ஆன் செய்ததுமே சுற்றியுள்ள காற்றை 20.9 என்று வைத்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். ஹோஸில் ஓட்டை இருந்தாலும் புகுவது அதே காற்றுதானே? வித்தியாசம் தெரியவே தெரியாது.

புகைபோக்கிக்குள் புரோபை, அதாவது வாயுவை உறிஞ்சும் குழாயை, விட்ட பிறகுதான் கோளாறு வேலையைக் காட்டும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு வெளிக்காற்று கலந்தால் திரையில் 5.7 வரும். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கார்பன் மோனாக்சைடு 90 ஆகத் தெரியும். காற்று அதிகம் என்று நம்பி டேம்பரை (காற்று வரத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பை) மூடினால் எரிபொருள் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஏறும். உயிருக்கே ஆபத்தான பிழை இது.

ஆகவே சென்சார் மேல் பழி போடுவதற்கு முன் வாயு வரும் வழியைப் பாருங்கள். ஆறிய புரோபின் நுனியை விரலால் அடைத்துப் பிடியுங்கள். பம்ப் திணறி, சத்தம் மாற வேண்டும். மாறாமல் ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. அடுத்து, கருவியின் வாசலருகே ஹோஸை மடித்து இறுக்குங்கள். அங்கே திணறினால் கோளாறு ஹோஸ் பக்கம். அப்போதும் திணறாவிட்டால் கருவிக்குள். பெரும்பாலும் நீர் சேரும் கிண்ணத்தின் ஓ-ரிங், அதாவது காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். ஃபில்டர் மாற்றும்போது அது பிசகியிருக்கும், அல்லது ஒரு துளி கரி அதில் ஒட்டியிருக்கும். ஹோஸ் முனை வெடித்திருந்தால் அந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

அடுத்தது நைட்ரஜன் சோதனை. நைட்ரஜனில் ஆக்சிஜன் இல்லாததால் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். சிலிண்டரை நேராக மாட்டாதீர்கள். அழுத்தம் சென்சாரைக் கெடுக்கும். நடுவில் ஒரு டி-இணைப்பு (மூன்று வாய் உள்ள இணைப்பு) வைத்து, மிஞ்சும் வாயு வெளியேறும்படி விடுங்கள். பம்ப் இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நைட்ரஜன் வரட்டும். குறைந்தால் அந்தத் திறந்த வாய் வழியாகவே காற்று புகுந்து உங்களை ஏமாற்றும். கருவி வாசலில் கொடுத்தால் பூஜ்யம், புரோப் நுனியில் கொடுத்தால் 1 சதவீதம் என்று வந்தால், ஓட்டை இடையில் இருக்கிறது.

ஓட்டை எதுவும் இல்லை, ஆனாலும் நைட்ரஜனில் எண் மெல்ல மெல்ல இறங்கி நடுவிலேயே நின்றுவிடுகிறதா? அப்போது சென்சாரின் ஆயுள் முடிந்தது. பல சென்சார்களில் உள்ள ஈயம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தேய்ந்துகொண்டே வரும். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் தேயும். பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். கழற்றும்போது பின்களில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் உள்ளிருக்கும் திரவம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம், வெறுங்கையால் தொடாதீர்கள். பழையதைக் குப்பையில் வீசாமல் மின்கழிவில் சேருங்கள்.