ஒரு அடி வைக்கச் சொன்னால் ஓடியே போய்விடும் புரோகிராம்: பழைய கர்னலை மடக்கிப் பிடிப்பது எப்படி?

[திரையில்: கறுப்பு டெர்மினல், கர்சர் மட்டும் மின்னுகிறது]

ஒரே ஒரு அடி, அதாவது சிப்புக்கான ஒரே ஒரு கட்டளை (இன்ஸ்ட்ரக்‌ஷன்) மட்டும் போ என்று டிபக்கரிடம், அதாவது பிழை தேட உதவும் கருவியிடம், சொல்கிறோம். என்டர் தட்டியதும் புரோகிராம் கடைசி வரை ஓடி முடிந்துவிட்டது! பிழை உங்கள் கோடில் இல்லை, உங்கள் விரலிலும் இல்லை. அதற்கெல்லாம் கீழே, இயங்குதளத்தின் மையமான கர்னலில் இருக்கிறது.

வணக்கம் நண்பர்களே, ஹட்டனிலிருந்து பேசுகிறேன். போன கிழமை வகுப்பில் ஒரு தங்கச்சி, "சேர், நான் ஒரு தரம்தான் அழுத்தினேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள். நன்கொடையாக வந்த 32 பிட் கம்பியூட்டர், அதில் பழைய லினக்ஸ். அவள் சொன்னது முழு உண்மை. அவளுக்காகத்தான் இந்த வீடியோ.

பின்னணியைச் சட்டென்று பார்த்துவிடுவோம். எக்ஸ்86 சிப்பில் ஃப்ளாக்ஸ் என்று ஒரு ரெஜிஸ்டர், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவு இடம், உண்டு. அதில் 0-இலிருந்து எண்ணினால் 8-ஆம் பிட், மதிப்பு 256, பெயர் ட்ராப் ஃப்ளாக். ஒரு அடி போகச் சொன்னால் டிபக்கர் இதைத்தான் 1 ஆக்கும். அது 1 ஆக இருந்தால் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷன் முடிந்ததும் சிப் நின்று கர்னலைக் கூப்பிடும். 1978-இல் வந்த 8086-லேயே இது இருந்தது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இலங்கை மலைநாட்டின் பதுளைக் கோச்சியில், அதாவது ரயிலில், போயிருக்கிறீர்களா? அது ஒற்றைத் தண்டவாளம். பட்டிப்பொலவைத் தாண்டி, 1,898 மீட்டர் உச்சியை ஏறி இறங்கி, பனிக்குள் ஒஹிய ஸ்டேஷன் தெரியும்போது ஜன்னலால் எட்டிப் பாருங்கள். ட்ரைவர் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வளையம் வெளியே நீளும். வளையத்தின் அடியில் ஒரு பை, பைக்குள் டெப்லட் என்ற வட்டத் தட்டு. அதைப் பிளாட்பாரத்தில் நிற்பவர் வாங்கிக்கொண்டு இன்னொரு வளையத்தைக் கொடுப்பார். புது டெப்லட் கைக்கு வந்தால்தான் இதல்கஸ்ஹின்ன வரை போகலாம். அங்கே போனதும் மறுபடி கொடுத்து வாங்க வேண்டும். சின்ன வயதில் அந்த வளையம் கைமாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் ஜன்னலோரம் இடம் பிடிப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்!

ஒவ்வொரு அடியாகப் போகும் சிங்கிள் ஸ்டெப் என்பது அச்சு அசல் இதுதான். ஒரு டெப்லட்டுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன். நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டர், புரோகிராம் கோச்சி.

அப்படியானால் கோச்சி எப்படி நிற்காமல் ஓடியது? புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சிக்னல், அதாவது குறுக்கிடும் ஒரு அறிவிப்பு, வருகிறது. கர்னல் அந்த நேரத்து ரெஜிஸ்டர்களை எல்லாம் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சிக்னலைக் கவனிக்கும் கோடான சிக்னல் ஹேண்ட்லருக்கு அனுப்புகிறது. நீங்கள் ஹேண்ட்லருக்குள் ஒவ்வொரு அடியாக நடக்கிறீர்கள். ஹேண்ட்லர் முடிந்ததும் சிக்ரிட்டர்ன் என்ற சிஸ்டம் கால் (கர்னலிடம் புரோகிராம் வைக்கும் கோரிக்கை) வந்து, பழைய நகலை அப்படியே ரெஜிஸ்டர்களில் திருப்பி ஊற்றுகிறது. ஃப்ளாக்ஸும் அந்த நகலில் இருந்துதான் வருகிறது. நகலில் ட்ராப் ஃப்ளாக் 0. நீங்கள் போட்ட 1 போயே போய்விட்டது. இனி அந்தக் கோச்சிக்கு எந்த ஸ்டேஷனும் கிடையாது, நேரே பதுளைதான்.

இதற்கு ஜிடிபி டிபக்கர் எழுதியவர்கள் செய்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கர்னல் திருந்தும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அடி எடுத்து வைக்கும் முன் டிபக்கர் எட்டிப் பார்க்கிறது: அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் சிஸ்டம் காலா? அதன் எண் 119 அல்லது 173 ஆ? அப்படியானால் அது சிக்ரிட்டர்ன். உடனே ஸ்டாக்கில் இருக்கும் நகலுக்குள் கையை விட்டு, அங்கேயே ட்ராப் ஃப்ளாக்கை 1 ஆக்கிவிடுகிறது. கர்னல் தன் நகலைத் திருப்பி ஊற்றும்போது, நிற்கச் சொல்லும் கட்டளையையும் சேர்த்தே ஊற்றுகிறது! வீடியோவை இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் கேளுங்கள், அவ்வளவு அழகு.

இதே குடும்பத்துச் சிக்கல்கள் இன்னும் இரண்டு. சில வெர்ச்சுவல் மெஷின்களில் (மென்பொருளால் உருவாக்கிய கம்பியூட்டர்களில்), சிப்பின் விவரம் கேட்கும் சிபியுஐடி இன்ஸ்ட்ரக்‌ஷனை ஒரு அடியாகத் தாண்டினால் அடுத்ததும் சேர்ந்தே ஓடிவிடும். அதனால் ஆர்ஆர் டிபக்கர் அதற்கு அடுத்த இடத்தில் ஒரு பிரேக்பாயிண்ட், அதாவது நிறுத்தக் குறி, வைத்துப் பிடிக்கிறது. ஆர்ம் சிப்பில், இடையில் யாரும் குறுக்கிடாமல் நினைவகத்தைப் படித்து எழுத உதவும் எல்டிரெக்ஸ், எஸ்டிரெக்ஸ் ஜோடிக்கு நடுவில் நின்றால் அந்த ஜோடி ஒருநாளும் வெற்றி பெறாது. அதனால் ஜோடி முழுவதையும் தாண்டி விட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

[திரையில்: ஸ்டாக்கின் படம், இரண்டு இடங்களில் மஞ்சள் வட்டம்]

அப்புறம், கையால் செய்வது. டிபக்கரும் பழசாக இருந்து இந்த வித்தை அதற்குத் தெரியாவிட்டால் இது கைகொடுக்கும். எண் 119 உள்ள சிக்ரிட்டர்ன் வாசலில் நில்லுங்கள். ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டரிலிருந்து 64 பைட் தள்ளி ஃப்ளாக்ஸின் நகல் இருக்கும், அதில் 256-க்குரிய பிட்டை ஏற்றிவிடுங்கள். அதைத் தொடப் பயமாக இருந்தால் 56 பைட் தள்ளி இருப்பதைப் படியுங்கள். புரோகிராம் திரும்பிப் போகப்போகும் முகவரி அங்கே இருக்கிறது. அந்த முகவரியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு, தயங்காமல் ஓட விடுங்கள்.

அந்தத் தங்கச்சி இரண்டாவது வழியைத்தான் எடுத்தாள். 56-ஐ இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள், முகவரியைக் கொப்பியில் எழுதினாள், பிரேக்பாயிண்ட் வைத்தாள், என்டர் தட்டினாள். சிக்னல் வந்து குறுக்கிட்ட அதே லூப்பின் நடுவில் புரோகிராம் நின்றது. "சேர், நின்னுருச்சு!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

உங்களிடம் பழைய மெஷின் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். எந்தக் கர்னல், எந்த இடத்தில் ஓடியது, எங்கே நின்றது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் வாசிப்பேன்.