சொட்டு மருந்து விடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கண் மருத்துவர்களுக்கு யார், எப்படிப் பரீட்சை வைக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேறு கல்லூரியிலிருந்து வந்து பரீட்சை வைக்கும் வெளி எக்ஸாமினராகப் பல ஊர்களுக்குப் போய் வந்தவன் நான். அதனால் பரீட்சை நடக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

காலை ஏழரை மணி. கண் வார்டு வராண்டாவில் பெஞ்சுகளில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெரியவருக்கு இமை தொங்கியிருக்கிறது. ஒரு சிறுவனுக்கு மாறுகண். ஒரு அம்மாவுக்கு ஒரு கண் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. இட்லியும் டீயும் வந்தாயிற்று. இவர்கள் அன்றைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வரவில்லை, பரீட்சைக்காக வந்திருக்கிறார்கள். எங்கள் பேச்சில் இவர்கள் 'கேஸ்'. அங்கே படிக்கும் ஜூனியர் டாக்டர்கள் ஒரு வாரமாக போன் போட்டு, பஸ் காசு கொடுத்து வரவழைத்திருப்பார்கள். இவர்கள் வரவில்லை என்றால் பரீட்சையே நடக்காது.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதி, கண் மருத்துவத்தில் மூன்று வருடம் படிக்கிறார். பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டம் எம்.எஸ். நம் மாநிலத்தில் பெரும்பாலும் அதை நடத்துவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இன்னொரு வழி டி.என்.பி., அதாவது 'டிப்ளமேட் ஆஃப் நேஷனல் போர்டு' என்ற பட்டம். அதற்கு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வாரியம், டில்லியில் இருக்கிறது. 1975-இல் தொடங்கி, 1982-இல் தனி அமைப்பானது. இரண்டு வழியிலும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். என்னென்ன பார்த்தோம், என்னென்ன ஆபரேஷன் செய்தோம் என்று லாக் புக்கில் குறித்துவர வேண்டும். கடைசியில் நான்கு தாள் எழுத வேண்டும். முதல் தாள் கண்ணின் அமைப்பும் செயல்பாடும், நான்காவது புதிதாக வந்தவை. எம்.எஸ்.ஸில் எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம் வாங்க வேண்டும். டி.என்.பி.யில் எழுத்துத் தேர்வில் தேறினால்தான் செய்முறைக்கே கூப்பிடுவார்கள். எம்.எஸ். செய்முறைக்குக் குறைந்தது நான்கு எக்ஸாமினர்கள், அவர்களில் பாதிப்பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். தன் மாணவனைத் தானே பாஸ் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சரி, செய்முறையில் என்ன பார்க்கிறோம்? ஒரு நோயாளியை விரிவாகப் பார்க்கும் லாங் கேஸ், சுருக்கமாகப் பார்க்கும் சில ஷார்ட் கேஸ்கள், அப்புறம் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஒரு மேஜையில் ஆபரேஷன் கருவிகள், இன்னொன்றில் ஸ்கேன் படங்கள், இன்னொன்றில் மருந்துகள் என்று இருக்கும். கண்ணாடிப் பவர் பார்க்கச் சொல்லி ரெட்டினோஸ்கோப்பையும் கையில் கொடுப்போம்.

ஒரு கேஸை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். "ஒரு கண் மங்கலாயிருக்கு" என்று சொல்பவர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் புரை இல்லை, வெளியே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மாணவர் டார்ச்சை எடுத்து நல்ல கண்ணில் அடிக்கிறார். இரண்டு கண்ணிலும் பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், சுருங்குகிறது. டார்ச்சைச் சட்டென்று மங்கலான கண்ணுக்கு நகர்த்துகிறார். இப்போது பாப்பா சுருங்கியபடியே இருக்க வேண்டும். ஆனால் மெதுவாக விரிகிறது. அதாவது அந்தக் கண் வாங்கும் வெளிச்சம் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் கோளாறு பார்வை நரம்பில்தான் இருக்கும். பத்து ரூபாய் பேனா டார்ச் சொல்லிவிடும் சேதி இது.

இதை, கண்ணின் உள்ளே பார்ப்பதற்காகப் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்தை விடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மருந்து விட்டுப் பாப்பா விரிந்துவிட்டால் பல மணி நேரத்துக்கு இந்த அறிகுறி கிடைக்காது. பதற்றத்தில் விழித்திரையைப் பார்க்கும் அவசரம் வந்து, முதலிலேயே மருந்தை விட்டுவிட்ட நல்ல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு தாளிலும் அருமையாக எழுதியிருப்பார்கள். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை மட்டும் கையில் படிந்திருக்காது. அது நூறு நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தால்தான் படியும். செய்முறைத் தேர்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த டார்ச்சைத்தான் காட்டுவேன்.

ஒரு ஊரில் ஒரு பெண், மாணவி, வெளிச்சம் அடிப்பதற்கு முன் சொன்னாள்: "பாட்டி, டார்ச் அடிக்கப்போறேன், கூசும், கொஞ்சம் பொறுத்துக்கங்க." அன்று காலையிலிருந்து அந்தப் பாட்டியின் கண்ணில் வெளிச்சம் அடித்த ஆறாவது ஆள் அவள். மற்ற ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மதிப்பெண் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டும்.

இந்தத் தேர்வு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில வாரப் பயிற்சியோடு ஒருவர் தன்னைக் கண் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. மனம் பொறாத கண் மருத்துவர்களே சேர்ந்து 1916-இல் ஒரு தேர்வு வாரியம் அமைத்து, அந்த டிசம்பரிலேயே மெம்பிஸ் நகரில் முதல் தேர்வை நடத்தினார்கள். அந்த நாட்டில் எந்த மருத்துவத் துறைக்கும் அதற்கு முன் அப்படி ஒரு வாரியம் கிடையாது. இதயத்துக்கும் எலும்புக்கும் முன்னால் கண்காரர்கள் செய்த காரியம் இது, எங்களுக்கு அதில் பெருமைதான்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். கண்புரை ஆபரேஷன்தான் எங்கள் தொழிலின் முதுகெலும்பு. ஆனால் இறுதித் தேர்வு நாளில் மாணவர் ஆபரேஷன் செய்வதைப் பெரும்பாலும் நாங்கள் பார்ப்பதில்லை. கருவியைக் காட்டி "இது என்ன, எதற்கு?" என்று கேட்கிறோம். அவர் சொல்லிவிடுவார். அதைக் கையில் பிடித்தால் விரல் எப்படி நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தேர்வு நாளில் முன்பின் தெரியாத நோயாளியை மேஜையில் படுக்கவைத்து நடுங்கும் கையில் கொடுக்கவும் கூடாது, அது அநியாயம். பிரிட்டனில் பயிற்சி முடிவதற்குள் 350 கண்புரை ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் குறைந்தது 86. எண்ணிக்கை வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. நம் தியேட்டர்களில் பல மைக்ராஸ்கோப்புகளில் கேமரா இருக்கிறது. கடைசி வருடத்தில் செய்த ஆபரேஷன்களிலிருந்து நாங்கள் கேட்கும் இரண்டு வீடியோவை வெட்டாமல், ஒட்டாமல் எக்ஸாமினர் முன் போட்டுக் காட்டட்டும். கண் லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்த ஆபரேஷனாக இருந்தாலும் பரவாயில்லை. கிழிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இந்த வானொலியிலும் சொல்கிறேன்.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியிலிருந்து "பரீட்சைக்கு வர முடியுமா?" என்று போன் வந்தால், முடிந்தால் போங்கள். வரமாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதனால் உங்கள் வைத்தியம் குறையாது. போகும்போது துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தால் பாப்பா விரிந்திருப்பதால் சாயங்காலம் வரை கண் கூசும், பஸ் நம்பர் மங்கலாகத் தெரியும். டூ வீலர் ஓட்டாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் சாப்பாட்டு நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் களைத்துப்போனால் "போதும்மா" என்று சொல்லுங்கள். எக்ஸாமினரிடமே சொல்லலாம், நாங்கள் நிறுத்திவிடுவோம்.

நன்றி, வணக்கம்.